படைப்பை எங்கிருந்து படிப்பது?

மேல்வகுப்பு மாணவர்க்குத் தமிழ் உரைநடையின் வரலாற்றைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பாடத்திலே விவிலிய மொழிபெயர்ப்பைத் தொடாது செல்லுதல் இயலாது. பெர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்திலிருந்து செய்து 1850ஆம் ஆண்டில் வெளிவந்த மொழிபெயர்ப்புக்கு ஆறுமுக நாவலரவர்கள் துணைநின்ற செய்தியைச் சொன்னேன். பின்னர், மொழிபெயர்ப்பாளர் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சொற்களைத் தேர்ந்துகொண்ட திறத்தைக் காட்டும்பொருட்டு ஆதியாகமத்தின் முதலதிகாரத்தை விரித்தேன். விரித்ததுதான் தாமதம், பின் வாங்கில் இருந்த மாணவனொருவன் எழுந்துவிட்டான்.

"ஐயா, பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டு என்று விஞ்ஞானத்திலே படிக்கிறோம். இதிலே ஆறு நாள் என்று இருக்கிறது. எது சரி?"

வகுப்புச் சிரித்தது. முன் வரிசையில் இருந்த கிறித்தவ மாணவி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, "இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், ஐயா. கேட்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள்" என்றாள். கேட்டவன் விடை கிடைத்துவிட்டதென்று எண்ணி நூலை மூடிவிட்டான். கேட்கக் கூடாதென்று தடுக்கப்பட்டவள் நூலைத் திறக்கவே அஞ்சினாள். இருவர் கையிலும் நூல் மூடியே கிடந்தது.

யான் சமயபோதகன் அல்லேன். எபிரேயம் கற்றுத் துறைபோயவனும் அல்லேன். அம்மொழி வல்லார் எழுதியவற்றைப் படித்தும் அகராதியைப் புரட்டியும் சில சொற்களின் வழக்கை அறிந்தவன், அவ்வளவே. ஆயினும், நூலொன்றைப் படிக்கும் முறை பற்றிச் சொல்லத் தமிழாசிரியனுக்கு ஓர் உரிமை உண்டு. ஒரு சொல்லின் பொருளை அறிய வேண்டுமாயின், அச்சொல் எங்கெங்கே, எவர் வாயில், எந்நிலையில் வழங்கிற்று என்று பார்க்க வேண்டும் என்பது நாம் நாள்தோறும் மாணவர்க்குச் சொல்வது. அதனையே 'படைப்பு' என்னுஞ் சொல்லுக்கும் பொருத்திப் பார்ப்பின், மாணவனுடைய கேள்வியிற் பிழையில்லை, நாம் திறந்த பக்கத்திலேதான் பிழை என்பது புலனாகும். கிறித்தவ வேதத்தின் படைப்புக் கருத்தை அறியப் புகுவோர் முதற் பக்கத்தில் அன்று, எபிரேயத் தீர்க்கதரிசிகளின் ஏடுகளிலே தொடங்க வேண்டும் என்பதே என் துணிபு.

எபிரேயத்தில் 'பாரா' என்றொரு வினைச்சொல் உண்டு. ஆதியாகமத்தின் முதல் வாக்கியத்திலுள்ள வினை அதுவே. பழைய தமிழ் மொழிபெயர்ப்பார் அதனைச் சிருஷ்டித்தல் என்றனர். 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பார் படைத்தல் என்றனர். இரண்டும் ஏற்ற சொற்களே. எனினும் இரண்டும் முழுதும் ஒவ்வா. சிருஷ்டி என்பதன் வடமொழி வேர், உள்ளிருப்பதை வெளிவிடுதல் என்னும் பொருளது. படைத்தலோ தமிழில் மிக விரிந்தது. நாம் சோறு படைக்கின்றோம். செல்வம் படைத்தவனைக் காண்கின்றோம். ஒரு சிறுகதை எழுதி அதனை அச்சிலே கண்டவரும் இக்காலத்திற் படைப்பாளி ஆகிவிடுகின்றார். 'பாரா' அவ்வாறு இறங்கி வருவதில்லை. படைத்தற்பொருளில் வழங்கும் அதன் வடிவத்துக்கு எபிரேய வேதம் முழுவதிலும் இறைவன் ஒருவரே எழுவாய். மனிதன் கட்டுவான், வனைவான், செய்வான். 'பாரா' அவனுக்கு இல்லை.

இச்சொல் வரும் இடங்களை எண்ணிப் பார்த்தேன். ஆதியாகமம் முழுவதிலும் 11 முறை. அவற்றுள் 7 முறை முதற் படைப்பு வரலாற்றினுள் வருகின்றது. ஏசாயா நூலிலோ 21 முறை. அவற்றுள் 16, அந்நூலின் 40ஆம் அதிகாரம் முதல் 55ஆம் அதிகாரம் வரையுள்ள பகுதியினுள்ளே அடங்குகின்றன. உலகத் தோற்றத்தைக் கூறும் நூலிலும் பார்க்க, நாடிழந்தாரைத் தேற்றும் நூலிலே அச்சொல் மிக்கு வருகின்றது. எண்ணிக்கை மட்டும் ஒன்றையும் நாட்டாது என்பர், உண்மையே. அவ்விடங்களில் அச்சொல் என்ன வேலை செய்கின்றது என்பதே பார்க்கத்தக்கது.

காலத்தால் முந்தியவர் ஆமோஸ். கி.மு. எட்டாம் நூற்றாண்டினர், தெக்கோவா என்னும் ஊரினர், ஆட்டு மந்தையும் காட்டத்தி மரமும் அவர் பிழைப்பு. வடநாட்டுச் செல்வர் தந்தக் கட்டிலிற் சாய்ந்து உண்டு களிக்க, ஏழை ஒரு சோடி மிதியடிக்கு விலைப்பட்ட காலம் அது. அவர் பெயரால் வழங்கும் நூலிலே, கண்டனத்தின் நடுவே, எதிர்பாராத மூன்று இடங்களிற் படைத்தவரைப் பற்றிய துதித்துணுக்குகள் வருகின்றன. முதலாவதிலே 'பாரா' என்னுஞ் சொல் காற்றுக்கு வழங்குகின்றது. இரண்டாவது விண்மீன்களைச் சொல்கின்றது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே அறுமீன் என்றும் மிருகசீரிடம் என்றும் பெயர் தருகின்றது. கார்த்திகையை அறுமீன் என்னும் வழக்குச் சங்கச் செய்யுளிலும் உண்டாகலின், அச்சொல்லைக் கண்டவிடத்து எனக்குண்டான மகிழ்ச்சி சிறிதன்று. அது நிற்க. அத்துணுக்குகள் பிற்காலத்தார் சேர்த்தவை என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். யார் சேர்த்தாராயினும், சேர்த்த இடம் நோக்கத்தக்கது. நீதியைக் கசப்பாக்குவோரைச் சாடும் வரிக்கு அடுத்தபடியாக விண்மீன் வந்து நிற்கின்றது. வானத்து ஒழுங்கை அமைத்தவர் முன்னிலையில் நீதிமன்றத்து ஒழுங்கைக் கெடுக்கின்றீர்களே என்பது குறிப்பு. ஆமோசுக்குப் படைப்பு வானநூற் செய்தியன்று. வழக்கொன்றில் எடுத்துக் காட்டப்படும் சான்று.

ஓசியாவும் அதே நூற்றாண்டினர். பொய்யும் கொலையும் களவும் மலிந்தமையால் நிலம் புலம்புகின்றது, விலங்கும் பறவையும் கடல்மீனும் அற்றுப்போகின்றன என்பார் அவர். மனிதன் செய்த குற்றத்துக்கு மீன் ஏன் சாகவேண்டும் என்று நாம் கேட்கலாம். படைப்பு முழுவதும் ஒரே நெசவு. ஒரு மூலையிற் கிழிந்தால் மறுமூலை தப்பாது என்பது அவர் எண்ணம்.

இவ்வெண்ணத்தின் கொடிய எல்லையை எரேமியாவிலே காண்கின்றோம். எருசலேம் அழியுமுன்னே அழிவைச் சொன்னவர். பின்னர் அதனைக் கண்ணாலும் கண்டவர். ஆதியாகமத்தின் இரண்டாம் வாக்கியத்திலே, ஒளி தோன்றுமுன் பூமி இருந்த நிலையைச் சொல்லத் 'தோகூ', 'போகூ' என இரு சொற்கள் இணைந்து வருகின்றன. உருவும் ஒழுங்கும் குடியும் இல்லாத பாழ்நிலை என்பது கருத்து. இவ்விணையை எரேமியா தம் நாலாம் அதிகாரத்தில் அப்படியே கையாளுகின்றார்; ஆனால் தொடக்கத்தைச் சொல்ல அன்று. வடக்கேயிருந்து படை வருகின்றது. அவர் பார்க்கின்றார், பூமி மீண்டும் அந்தப் பாழ்நிலைக்கே திரும்பிவிட்டது. வானத்தில் ஒளியில்லை. மலைகள் நடுங்குகின்றன. மனிதன் இல்லை. பறவைகள் அகன்றுவிட்டன. விளைநிலம் வனாந்தரமாயிற்று. படைப்பு வரலாற்றில் ஒவ்வொரு நாளாகச் சேர்க்கப்பட்டவை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கப்படுகின்றன. போர் என்பது படைப்பைக் கலைக்கும் தொழில் என்பதை இதனினும் சுருங்கச் சொல்லிய இடத்தை யான் அறியேன்.

அதே எரேமியா குயவன் வீட்டுக்கும் போகின்றார். சக்கரத்திற் கெட்டுப்போன களிமண்ணை அவன் எறிந்துவிடவில்லை. வேறொரு கலமாக மீள வனைகின்றான். எபிரேயத்திலே குயவன் என்னும் பெயர், வனைதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் மண்ணிலிருந்து மனிதனை உருவாக்கியமைக்கு வழங்கும் வினையும் அதுவே. புறநானூற்றிலே குயவனை விளித்துப் புலம்பும் பாட்டுக்களைப் படிப்பித்த எமக்குக் குயவனும் சாவும் ஒருங்கே நினைவுக்கு வருதல் இயல்பு. ஈமத்தாழி வனைபவன் அல்லனோ? எரேமியாவின் குயவனோ கெட்டதை மறுபடி எடுப்பவன். பிற்காலத்திற் பவுல் அடியார் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் இக்குயவனை வேறொரு வாதத்துக்கு எடுத்தாண்டார். எனக்கு எரேமியாவின் குயவனே உவப்பானவன்.

கி.மு. 587ஆம் ஆண்டளவில் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை எரித்தது. கோயில் போயிற்று, அரசு போயிற்று, மக்களில் ஒரு பகுதியார் பபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே அவர்கள் கண்டது அக்கால உலகின் பெருநகரங்களுள் ஒன்று. அந்நகரின் கோயிலிலே ஆண்டுதோறும் புத்தாண்டு விழாவில் ஒரு படைப்புக் காவியம் ஓதப்பட்டது. அதன் முதற் சொற்களைக் கொண்டு அதனை 'எனூமா எலிஷ்' என்பர். ஏழு களிமண் பலகைகளில் அமைந்தது. நினிவே நகரின் இடிபாட்டிற் கிடைத்த பலகைகளைக் கொண்டு ஜோர்ஜ் ஸ்மித் என்பார் 1876ஆம் ஆண்டில் அதனை நூல்வழியாக உலகுக்கு அறிவித்தார். கடலின் வடிவான தியாமத் என்னும் பெண்தெய்வத்தை மார்துக் போரில் வென்று, உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியால் வானை அமைக்கின்றான். முடிவிற் பபிலோன் நகரே தேவர்களின் இருப்பிடமாக எழுகின்றது. காவியத்தின் நோக்கம் வெளிப்படை: உலகம் தோன்றியதே பபிலோன் ஆளுதற்காக. போரிலே தோற்றவன், தன் கடவுளும் தோற்றுவிட்டார் என்று ஒப்புக்கொள்ளவேண்டிய இடம் அது.

அங்கேதான் பெயர் அறியப்படாத ஒருவர் பேசத் தொடங்குகின்றார். ஏசாயா நூலின் 40ஆம் அதிகாரம் தொட்டுள்ள பகுதி எட்டாம் நூற்றாண்டு ஏசாயாவின் வாக்கன்று, சிறையிருப்பின் இறுதிக்காலத்தில் வாழ்ந்த வேறொருவர் வாக்கு என்று ஆராய்ச்சியாளருட் பெரும்பாலார் கொள்வர். ஜேர்மனிய அறிஞர் பேர்னார்ட் டூம் 1892இல் வெளியிட்ட உரைக்குப் பின் இக்கொள்கை வலுப்பெற்றது. பாரசீக மன்னன் கோரேசு அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்படுதல் அதற்குக் காட்டப்படும் சான்றுகளுள் ஒன்று. அவன் பபிலோனைக் கைப்பற்றியது கி.மு. 539இல். நூல் முழுவதும் ஒருவருடையதே என்பாரும் உளர். அவ்வழக்கில் யான் புகவில்லை. வாக்கு எவருடையதாயினும், அது சிறைப்பட்டோரை நோக்கியது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுவர்.

கேட்போரின் மனநிலை அந்நூலிலேயே பதிவாகியுள்ளது. எம் வழி இறைவன் கண்ணுக்குப் படவில்லை, எம் வழக்கை அவர் தள்ளிவிட்டார் என்பது அவர்கள் முறைப்பாடு. அதற்கு மறுமொழியாக வருவதுதான் படைப்பு. அண்ணாந்து விண்மீன்களைப் பாருங்கள் என்கின்றார் தீர்க்கதரிசி; அவற்றைப் படைத்து, எண்ணி, ஒவ்வொன்றையும் பெயர்சொல்லி வெளியே அழைப்பவர் ஒருவர் உளர் என்கின்றார். பபிலோனில் விண்சுடர்கள் தெய்வங்கள். மன்னனுக்கும் நாட்டுக்கும் வருவதை அவற்றிற் பார்த்துச் சொல்லுதற்கென்றே அரண்மனையில் ஆட்கள் இருந்தனர். அந்த ஊரிலே நின்றுகொண்டு, அவையெல்லாம் பெயர் கூப்பிட வந்து வரிசையில் நிற்கும் போர்வீரர் போன்றவை என்று சொல்லுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

46ஆம் அதிகாரத்தில் ஏளனமே தலைதூக்குகின்றது. பேல் என்பது மார்துக்கின் பட்டப்பெயர். பேலையும் நேபோவையும் ஏற்றிய பொதிவிலங்குகள் பாரந் தாங்காமற் குனிகின்றன. புத்தாண்டு ஊர்வலத்திலே அத்திருவுருவங்கள் கொண்டுசெல்லப்பட்டதைப் பார்த்த கண்களுக்கு இக்காட்சி எத்தகையதாய் இருந்திருக்கும்! தீர்க்கதரிசியின் இறைவனோ சுமக்கப்படுபவர் அல்லர். கருவில் இருந்த நாள் தொட்டு நரை வரையும் மக்களைச் சுமப்பவர்.

இவற்றினும் ஆழமானது 51ஆம் அதிகாரம். அங்கே இறைவனுடைய புயத்தை விழித்தெழுமாறு அழைக்கும் மன்றாட்டொன்று உண்டு. ராகாப் என்னும் கடற்பாம்பைத் துண்டித்த புயம் அது. தொன்மையான படைப்புப் போரின் சாயல் அதிலே தெரிகின்றது. அடுத்த மூச்சிலே, கடலை வற்றச்செய்து, மீட்கப்பட்டோர் நடந்துபோக ஆழத்தில் வழி சமைத்ததும் அப்புயமே என்கின்றார். இது எகிப்திலிருந்து புறப்பட்ட கதை. அதற்கும் அடுத்தபடி, மீட்கப்பட்டோர் பாடிக்கொண்டு சீயோனுக்குத் திரும்புவர் என்கின்றார். இஃது இனிமேல் நிகழவேண்டியது. உலகம் தோன்றிய நாளும், அடிமைத்தளை அறுந்த நாளும், வீடு திரும்பப்போகும் நாளும் ஒரே கடலை வெல்லும் ஒரே செயலாகிவிடுகின்றன. ஹெர்மன் குங்கெல் என்னும் ஜேர்மனியர் 1895இல் எழுதிய பெருநூலில், உலகின் தொடக்கம் பற்றிய கதைகளே உலகின் முடிவு பற்றிய தரிசனங்களுக்கும் வித்து என்று காட்டினார். இவ்வதிகாரத்தைப் படித்தவர்க்கு அது வியப்பாய் இராது.

இங்கே 'பாரா' பெறும் பொருள் கவனிக்கத்தக்கது. 48ஆம் அதிகாரத்திலே, புதியவை இப்பொழுதுதான் படைக்கப்படுகின்றன, நெடுநாளைக்கு முன்னன்று என்று சொல்லப்படுகின்றது. எனவே படைப்பு முடிந்துபோன செயலன்று. இன்று நிகழ்வது, நாளையும் நிகழக்கூடியது. 45ஆம் அதிகாரத்தில், பூமியை இறைவன் பாழாகப் படைக்கவில்லை, குடியிருப்பதற்கே அமைத்தார் என்கின்றார். பாழ் என்பதற்கு அங்கே நிற்பது எரேமியா கண்ட அதே 'தோகூ'. எருசலேம் பாழாய்க் கிடந்த காலத்தில், உலகின் தொடக்கத்தைச் சான்றுக்கு அழைத்து வழங்கப்பட்ட உறுதிமொழி அது.

இப்பொழுது முதற் பக்கத்துக்குத் திரும்பலாம். ஆதியாகமத்தின் முதலதிகாரம் இன்றுள்ள வடிவிலே, சிறையிருப்புக் காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்னரோ குருமார் மரபினரால் எழுதப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கொள்கை. அவ்வாறு கொள்ளின் அப்பக்கம் வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. ஒளி முதல் நாளில்; ஞாயிறும் திங்களும் நாலாம் நாளில். விஞ்ஞான மாணவன் நகைக்கும் இடம் இதுவே. ஞாயிறின்றி மூன்று நாள் கழிந்தது எங்ஙனம்? எழுதியவர் அதனை அறியாத பேதை அல்லர். ஞாயிற்றின் எபிரேயப் பெயர், பபிலோனியர் வணங்கிய ஞாயிற்றுத் தெய்வத்தின் பெயரோடு ஓரினமானது. ஆகலின் அவர் பெயரைச் சொல்லவில்லை. பெரிய விளக்கு, சிறிய விளக்கு என்ற அளவிலே நிறுத்தி, நாலாம் நாள்வரை காத்திருக்கவும் வைத்தார். மன்னனைத் தெய்வத்தின் சாயலென்று போற்றிய நாடுகளின் நடுவே, ஆணும் பெண்ணுமாகிய மனிதர் எல்லாரையும் அவ்வாறு சொன்னார். ஏழாம் நாளில் ஓய்வை வைத்தார். அடிமைப்பட்டோர்க்கு அச்சொல் எவ்வாறு இனித்திருக்கும்! தீர்க்கதரிசிகளைப் படித்தபின் இப்பக்கத்தைப் படிப்பவன் ஆறு நாளை எண்ணிக்கொண்டிருக்கமாட்டான். பேரரசின் காவியத்துக்கு எதிரே எழுந்த மறுமொழி அது என்பதைக் கண்டுகொள்வான்.

அயர்லாந்து அத்தியட்சர் அஷர் 1650இல், உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004ஆம் ஆண்டில் என்று கணக்கிட்டு எழுதினார். பெரும் புலமை படைத்தவர். அவர் உழைப்பை யான் இகழவில்லை. ஆனால் அக்கணக்கு ஆங்கில விவிலியப் பதிப்புகள் பலவற்றின் ஓரத்தில் நெடுங்காலம் அச்சாகி வந்தமையால், நூலின் நோக்கமே ஆண்டுக் கணக்கென்ற மயக்கம் பரவிற்று. 1956இல் கிளெயர் பற்றர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தை ஆராய்ந்து பூமியின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டு என்றார். மாணவன் சொன்ன எண் அதனை அடுத்தது. அதனை மறுத்து வேதத்தைக் காக்க முயல்வோரும், அதனைக் காட்டி வேதத்தைத் தள்ளுவோரும், அப்பக்கம் கேளாத கேள்விக்கு அதன் வாயிலிருந்து விடை பிடுங்குகின்றனர்.

எசேக்கியேலை விட்டுவிட்டேன். அவரும் சிறைப்பட்டவருள் ஒருவர். பபிலோன் நாட்டிலே கேபார் ஆற்றங்கரையில் இருந்தவர். உலர்ந்த எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கை அவர் கண்ட தரிசனம் பலரும் அறிந்தது. ஆயின் அது நிகழும் முறையைக் கூர்ந்து பார்ப்பார் சிலரே. எலும்போடு எலும்பு சேர்ந்து, நரம்பும் சதையும் தோலும் மூடிய பின்னும் அவ்வுடல்களில் உயிர் இல்லை. பின்னர் மூச்சு வந்து ஊதுகின்றது. அவை எழுந்து நிற்கின்றன. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்திலும் இப்படித்தான்: முதலில் மண் உருவம், பின்பு ஊதப்பட்ட மூச்சு. இரண்டிடத்தும் ஊதுதலுக்குரிய எபிரேய வினை ஒன்றே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு தொடக்கம் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்திற் பெயர்த்தோரும் இரண்டிடத்தும் ஒரே கிரேக்க வினையை வைத்தனர். யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு, கதவை அடைத்து அஞ்சியிருந்த சீடர்மேல் ஊதுகின்றார். அங்கே நிற்பதும் அதே கிரேக்க வினை. புதிய ஏற்பாட்டில் வேறோரிடத்தும் அச்சொல் வரவில்லை. எழுதியவர் அதனைத் தற்செயலாய் எடுத்தார் என்று என்னாற் கருத இயலவில்லை. ஏதேன் தோட்டத்துக்கும் அந்தப் பூட்டிய அறைக்கும் நடுவே எலும்புப் பள்ளத்தாக்குக் கிடக்கின்றது. அதனைக் கடவாமல் இங்கிருந்து அங்கே செல்ல வழியில்லை.

பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலே புதிய படைப்பைப் பற்றிப் பேசுகின்றார். பழையன போயின, புதியன வந்தன என்று அவர் கூறும் முறை ஏசாயாவின் 43ஆம் அதிகாரத்தை எதிரொலிப்பது; சில வாக்கியம் கழிந்ததும் 49ஆம் அதிகாரத்தை மேற்கோளாகவே காட்டுகின்றார். நூல் முழுவதற்கும் இறுதியாயுள்ள வெளிப்பாட்டிலே புதிய வானமும் புதிய பூமியும் தோன்றுகின்றன. அவை ஏசாயாவின் 65ஆம் அதிகாரத்திலிருந்து வந்தவை. அங்கே இனிக் கடல் இல்லை என்றும் ஒரு செய்தி உண்டு. எங்கள் கரையோர மீனவர் கேட்டால் வருந்துவர். தியாமத்தையும் ராகாபையும் அறிந்தவர்க்கு அந்தக் கடல் எதுவென்று விளங்கும்.

ஆனால் அந்த 65ஆம் அதிகாரத்தை மூலத்திற் போய்ப் படிப்போர் மிகக் குறைவு. புதிய வானம், புதிய பூமி என்றதும் மேலுலகக் காட்சி ஒன்றையே எதிர்பார்க்கின்றோம். தீர்க்கதரிசி சொல்வது வேறு. சில நாளே வாழ்ந்து மாயும் குழந்தை அங்கே இல்லை. வீடு கட்டியவரே அதிற் குடியிருப்பர். ஒருவர் கட்ட இன்னொருவர் குடிபுகுதல் இல்லை. நட்டவரே கனியை உண்பர். புதிய படைப்பு என்பதற்கு அவர் தரும் விளக்கம் இவ்வளவே. 1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே வலிகாமத்திலிருந்து ஊரோடு ஊராகப் பெயர்ந்தவருள் யானும் ஒருவன். அப்போது பாலபண்டித வகுப்பு மாணவன். தென்மராட்சியிற் பாடசாலைக் கட்டடமொன்றிலே, பக்கத்துக் குடும்பத்து முதியவர் ஒருவர் இரவில் அரிக்கன் லாம்பின் முன்னிருந்து இப்பகுதியை மெல்ல வாசிப்பார். கட்டிய வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிலே கட்டிக்கொண்டு வந்தவர் அவர். படைப்பைப் பற்றிய பகுதியொன்றைக் கேட்கின்றேன் என்று அன்று எனக்குத் தெரியாது. வீட்டைப் பற்றிக் கேட்கின்றேன் என்றே நினைத்தேன்.

இனி, எதிர்வாதம் ஒன்றுண்டு. 1936ஆம் ஆண்டிலே கெர்ஹார்ட் வொன் ராட் என்னும் ஜேர்மனியர், இஸ்ரவேலரின் சமயத்திற் படைப்பு தனித்து நிற்கும் கொள்கையன்று, மீட்புக் கொள்கைக்குத் துணைநிற்பதே என்று வாதித்துக் கட்டுரையொன்று வெளியிட்டார். மண்ணையும் இரத்தத்தையும் போற்றிய கூட்டம் அந்நாட்டை ஆண்ட காலம் அது. அவர் அவ்வாறு எழுதியதற்குக் காரணம் இருந்தது. இதுவரை யான் கூறியவற்றைப் படிப்போர், யானும் அவர் வழியே செல்வதாகக் கருதலாம். பாதிவழிதான். யோபு நூலின் 38ஆம், 39ஆம் அதிகாரங்களைப் பாருங்கள். மனிதரே இல்லாத வெளியில் மழை பெய்கின்றது. காட்டுக்கழுதை தன் இச்சைப்படி திரிகின்றது. அங்கே மீட்புமில்லை, சீயோனுமில்லை. மனிதனுக்கு ஆறுதலும் எளிதிற் கிட்டவில்லை. படைப்பு தன்னளவிலே நின்று வியக்கவைக்கின்றது. வொன் ராட்டும் 1970இல் இஸ்ரவேலின் ஞானநூல்கள் பற்றி எழுதியபோது படைப்புக்கு மிக விரிந்த இடங் கொடுத்தார். தீர்க்கதரிசிகளே அனைத்தும் என்பது என் வாதமன்று. மாணவரை அழைத்துச் செல்லுதற்கு அவர்கள் வாயில் ஏற்றது என்பதே யான் சொல்வது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கொடுமையைப் பேசும் மக்கபேயர் இரண்டாம் நூலிலே, ஏழு மைந்தரையும் ஒரே நாளிற் பறிகொடுக்கும் தாயொருத்தி, இல்லாமையிலிருந்து உலகை உண்டாக்கியவரை நினைக்குமாறு கடைசி மகனுக்குச் சொல்கின்றாள். கொலைஞர் முன்னிலையில் அவள் அதனைச் சொல்கின்றாள். உலகின் வயதை அறிய அன்று.

அடுத்த கிழமை வகுப்பில் ஏசாயாவின் 40ஆம் அதிகாரத்தை வாசித்தோம். கேள்வி கேட்ட மாணவன் பபிலோன் எங்கே இருக்கிறது என்று கேட்டான். இராக் நாட்டின் படத்தை விரித்துக் காட்டினேன். முன் வரிசை மாணவி ஒன்றும் பேசவில்லை. பாடம் முடிந்து மணி அடித்த பின், தன் வீட்டுப் பழைய வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். ஆதியாகமத்தில் ஒரு விரலும் எரேமியாவில் ஒரு விரலும் வைத்திருந்தாள்.

"ஐயா, எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல் என்றீர்கள். தமிழிலும் அப்படித்தான் இருக்கிறது" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். இரண்டிடத்தும் ஒழுங்கின்மை, வெறுமை. இத்தனை ஆண்டு அந்நூலைப் புரட்டியும் என் கண்ணில் அது படவில்லை.